அப்பா ஃபிரெயில் கேரில், அம்மா வீட்டில்: முதல் சில மாதங்களில் செய்ய வேண்டியவை

கேட்டது இது: அப்பாவுக்கு 81 வயது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனபின், முன்பே லேசாக இருந்த மறதி சட்டென்று கூடிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் ஃபிரெயில் கேர் பிரிவில் (தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாதவர்களுக்கு முழுநேரப் பராமரிப்பு தரும் பிரிவு) சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. 76 வயது அம்மா ஃபீனிக்ஸ் வீட்டில் தனியாக இருக்கிறார். காலையில் டாக்சி பிடித்து டர்பன் டவுனில் மாறிப் போய், சாயந்தரம் வரை அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். கிளம்பும்போது அப்பா "நானும் வீட்டுக்கு வர்றேன்" என்று அழுகிறார். அம்மா இளைத்துக்கொண்டே போகிறார். அவரையும் அங்கேயே சேர்த்துவிடலாமா, போய்வருவதைக் குறைக்கச் சொல்லலாமா, அப்பா கையெழுத்துப் போட முடியாத நிலையில் பணத்துக்கு என்ன செய்வது என்று மகள் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு மாதம் தாங்கும், கையெழுத்து தாங்காது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. இந்த வயதில் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குழப்பம் முழுவதும் மறதி நோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மயக்க மருந்து, வலி மருந்து, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், இடமாற்றம் எல்லாம் சேர்ந்து மூளையைத் தற்காலிகமாகக் கலக்கும். அது தெளியச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். ஒரு நாள் தெளிவாகப் பேசி மறுநாள் ஆளே தெரியாமல் இருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கிறது. டாக்டரிடம் சிறுநீர்ப் பரிசோதனையும் மருந்துப் பட்டியலை மறுபடி பார்ப்பதும் வேண்டும் என்று கேளுங்கள். வீட்டை விற்பது, அம்மாவை இடம் மாற்றுவது போன்ற திரும்ப முடியாத முடிவு எதையும் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள்.

இப்போது கையெழுத்து. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஒருவர் எழுதிக்கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி, அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் செல்லும். புத்தி தடுமாறிய அன்றே அது செத்துவிடுகிறது. இங்கிலாந்தில் இருப்பதுபோல் அதற்குப் பிறகும் நிற்கும் பத்திரம் இங்கே இல்லை. சட்டச் சீர்திருத்த ஆணையம் பரிந்துரைத்தும் அது இன்னும் சட்டமாகவில்லை. பல குடும்பங்கள் அப்பாவின் பேங்க் கார்டையும் பின் நம்பரையும் வைத்து ஓட்டிவிடுகின்றன. கார்டு காலாவதியாகும் வரை, அல்லது பேங்க் கைரேகை கேட்கும் வரை அது ஓடும். பிறகு ஒரே நாளில் எல்லாம் நின்றுபோகும், அந்த மாத இல்லக் கட்டணத்தோடு சேர்த்து.

அப்பா தெளிவாக இருக்கும் நாள் வந்தால் அதை விடாதீர்கள். எல்லாமே புரிய வேண்டும் என்பதில்லை. எந்தத் தாளில் கையெழுத்திடுகிறாரோ அது புரிந்தால் போதும். அதே நாளில் டாக்டர் அவரைப் பார்த்து, "இன்ன விஷயத்தை இவர் புரிந்துகொண்டு முடிவெடுக்கிறார்" என்று தேதியோடு எழுதித் தரட்டும். உயில் இல்லாவிட்டால் அதை அன்றைக்கே முடியுங்கள். பவர் ஆஃப் அட்டர்னி எத்தனை நாள் நிற்குமோ தெரியாது. உயில் நிற்கும்.

தெளிவு திரும்பவில்லை என்றால் இரண்டு வழிகள். 2002-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், மருத்துவச் சான்றுகளோடு மாஸ்டர் ஆஃப் தி ஹை கோர்ட் என்ற அரசு அதிகாரியின் அலுவலகத்தில் விண்ணப்பித்து, அப்பாவின் பணத்தையும் சொத்தையும் பார்த்துக்கொள்ள ஒரு அட்மினிஸ்ட்ரேட்டரை நியமிக்கச் செய்யலாம். சொத்து 2,00,000 ராண்டுக்குள்ளும் ஆண்டு வருமானம் 24,000 ராண்டுக்குள்ளும் இருந்தால் விசாரணை இல்லாமலே நியமிக்கலாம் என்பது விதி. அந்த வரம்பு பழைய காலத்து வரம்பு. முதியோர் பென்ஷன் மட்டுமே 2025-இல் மாதம் 2,300 ராண்டைத் தாண்டிவிட்டது, ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் வரம்பு அங்கேயே உடைகிறது. ஆகவே விசாரணை இருக்கும் என்றே எண்ணிக் கிளம்புங்கள். மற்றது ஹை கோர்ட் வழியாக குரேட்டர் போனிஸ், அதாவது சொத்தைப் பார்த்துக்கொள்ளக் கோர்ட்டே நியமிக்கும் ஆள். மனநல மருத்துவர் உட்பட மருத்துவர்களின் அறிக்கை வேண்டும், அப்பாவின் நலனைப் பார்க்க ஒரு வழக்கறிஞரைக் கோர்ட் தனியாக நியமிக்கும், செலவும் காலமும் அதிகம். மறதி நோய்க்கு முதல் வழி பொருந்தும். உடல் மட்டும் செயலற்றுப் போனவருக்கு அது பொருந்தாது.

சாசா (அரசின் சமூகப் பாதுகாப்பு முகமை) தரும் முதியோர் பென்ஷன் வேறு கணக்கு. அதை வாங்க புரொக்யூரேட்டர் என்று ஒருவரைச் சாசா அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம், கோர்ட் வேண்டாம். வீட்டில் கவனிக்க ஆள் வைத்ததற்காக அப்பா கிராண்ட்-இன்-எயிட் வாங்கிக்கொண்டிருந்தால், அரசு மானியம் பெறும் இல்லத்தில் சேர்ந்தபின் அது கிடைக்காது. உடனே தெரிவியுங்கள், சொல்லாமல் வாங்கிய பணத்தைப் பிறகு திருப்பிக் கேட்பார்கள்.

வீடு யார் பெயரில் என்பதைவிட, கல்யாணம் எப்படிப் பதிவானது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஆன்டிநப்ஷியல் கான்ட்ராக்ட் (சொத்து பற்றிக் கல்யாணத்துக்கு முன் எழுதும் ஒப்பந்தம்) எழுதாமல் பதிவுத் திருமணம் செய்திருந்தால் அது கம்யூனிட்டி ஆஃப் பிராப்பர்ட்டி: சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. பத்திரத்தில் அப்பா பெயர் மட்டும் இருந்தாலும் பாதி அம்மாவுடையது. அதே காரணத்தால் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருவர் சம்மதமும் இல்லாமல் வீட்டை விற்க முடியாது. இல்லக் கட்டணத்துக்கு வீட்டை விற்றுவிடலாம் என்று திட்டமிடும் பிள்ளைகள் முட்டிக்கொள்வது இங்கேதான். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட தம்பதிகள் அந்தத் தலைமுறையில் நிறைய. அப்படிப்பட்ட மனைவிக்கும் உயில் இல்லாத சொத்தில் பங்கு உண்டு என்று டர்பன் உயர்நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஆனாலும் கோர்ட்டுக்குப் போய் வாங்குவதைவிட உயிலில் பெயர் இருப்பது மேல்.

இல்லத்தின் ஒப்பந்தத்தில் "ஷூரிட்டி அண்ட் கோ-பிரின்சிபல் டெட்டர்" என்ற வரிக்கு அடியில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். அதில் கையெழுத்திட்டவர் கட்டண பாக்கி முழுவதற்கும் பொறுப்பு. அவசரத்தில் சேர்க்கும்போது படிக்காமல் கையெழுத்திடுவது பெரும்பாலும் அம்மாதான்.

இன்னொரு தாளும் உண்டு. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டப்படி, நோயாளியால் சம்மதம் சொல்ல முடியாதபோது, அவர் முன்பே எழுத்தில் யாரையும் நியமிக்கவில்லை என்றால், சம்மதம் சொல்லும் உரிமை முதலில் மனைவிக்கு. பெற்றோர், தாத்தா பாட்டி எல்லாம் தாண்டித்தான் பிள்ளைகள். நடைமுறையில் என்ன நடக்கிறது? பணம் கட்டும் மகனின் நம்பர் ஃபைலில் முதலாவதாக இருக்கிறது. ராத்திரி அப்பாவை ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் அம்மாவுக்கு மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. சிஸ்டரிடம் சொல்லி அம்மாவின் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள். ராத்திரி அழைப்புக்கு இரண்டாவது நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும்.

சரி, போய்வருவது. அம்மாவிடம் வெறுமனே குறைக்கச் சொல்லாதீர்கள். நேரத்தையும் நாட்களையும் மாற்றி அமைக்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் இருவருக்கும் லாபம் இல்லை. மறதி நோயாளிகளுக்குப் பொழுது சாயும் நேரத்தில் தவிப்பு கூடும். அம்மா கிளம்பும் நேரமும் அதுதான் என்பதால், தவிப்பும் பிரிவும் ஒன்றாக மோதுகின்றன. அழுகையில் பாதி இதனாலேயே. காலையில் குளிப்பாட்டி முடித்த பின் போய், மதியச் சாப்பாட்டை ஊட்டிவிட்டுக் கிளம்பினால் போதும். வாரத்தில் நான்கு நாள், ஒன்றரை மணி நேரம் என்பது 76 வயதுக்குத் தாங்கக்கூடிய கணக்கு. மற்ற நாட்களில் ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் கோயில் ஆட்களோ அக்கம்பக்கத்தாரோ போகலாம். டாக்சி மாறும் சிரமத்தைக் குறைக்க, நான்கில் இரண்டு நாளாவது யாராவது காரில் கொண்டுபோய் விடும்படி பாருங்கள். மழை நாளில் ஏறி இறங்கும் இடத்தில் அம்மா வழுக்கி விழுந்தால் அதற்கப்புறம் இரண்டு படுக்கைகளைப் பார்க்க வேண்டிவரும்.

கிளம்பும் முறைக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். கைப்பையையும் ஜெர்சியையும் வரும்போதே ரிசப்ஷனில் வைத்துவிட வேண்டும். பையைத் தோளில் மாட்டியதைக் கண்டதும்தான் அப்பாவுக்கு விஷயம் தெரிகிறது. சாப்பாடு முடிந்து டீ வரும் நேரத்தில், ஊழியர் ஒருவர் பக்கத்தில் வந்து அவர் கவனத்தை வாங்கிக்கொள்ள, அம்மா எழுந்து வரட்டும். வாசலில் நின்று நெடுநேரம் சமாதானம் சொல்வது அழுகையை நீட்டுவதில்தான் முடியும். "வீட்டுக்குப் போகணும்" என்பதற்கு, "டாக்டர் சொல்லட்டும்", "இதுதான் இனிமேல் வீடு" என்பவை இரண்டுமே மோசமான பதில்கள். வீட்டைப் பற்றியே பேச்சை வளர்க்கலாம்: கொல்லையில் மிளகாய்ச் செடி காய்த்ததை, மாமரத்தில் குரங்கு ஏறியதை. பல நேரம் அவர் கேட்பது அந்த முகவரியை இல்லை, நிம்மதியை.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனைவி விருந்தாளியாகிவிடுகிறார். அவருக்கு அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும், அது அவருக்கே உரியதாக, சின்னதாக, தினமும் முடியக்கூடியதாக இருக்க வேண்டும். ஷேவ் செய்துவிடுவது, விபூதி பூசிவிடுவது, நகம் வெட்டுவது, கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது. சர்க்கரை நோய் இருந்தால் கால் நகத்தைச் சிஸ்டரிடம் விட்டுவிடுங்கள். எண்ணெய் தடவும்போது குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதியில் சிவந்திருந்தால் அங்கே தேய்க்கக் கூடாது. அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். தேய்த்தால் உள்ளே சிதையும். சிவப்பைப் பார்த்தவுடன் சொல்ல வேண்டியது சிஸ்டரிடம். உண்மையில் அதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மனைவிதான்.

ஊட்டுவதில் ஆபத்து அதிகம், அன்பும் அதிகம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். விழுங்கும் திறன் குறைந்தவருக்குத் தண்ணீர், டீ, ரசம் போன்ற நீர்த்த பொருள்கள்தாம் மூச்சுக்குழாயில் இறங்கும். நுரையீரலில் தொற்று வந்து ஆஸ்பத்திரிக்குப் போவது பலமுறை இப்படித்தான். அப்பாவுக்குக் கெட்டியாக்கிய திரவம்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், வீட்டு ரசத்தை ஃபிளாஸ்கில் கொண்டுபோவது நிற்க வேண்டும். கெட்டியாகக் காய்ச்சி கட்டியில்லாமல் கடைந்த கூழ், குழைத்த பருப்புச் சோறு, மசித்த பூசணி சரிப்படும். புளித்த கூழின் ருசி வாயில் பட்டாலே சாப்பிட மறுத்தவர்கள் வாய் திறப்பதுண்டு. நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, டீஸ்பூனால், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். முடிந்தபின் அரைமணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இருமல், ஈரக் குரல், கண்ணில் நீர் வந்தால் நிறுத்திவிட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கீரையைத் திடீரென்று கூட்டிக் கொடுத்தால் ரத்தம் உறையும் அளவு மாறும். மிச்சத்தை லாக்கரில் வைத்துவிட்டு வராதீர்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் எடுத்துச் சாப்பிட்டு அவருக்கு ஏதாவது ஆகலாம். புரட்டாசியில் கவுச்சி சாப்பிடாத குடும்பம் என்றால் அதைச் சமையலறைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள், ஊழியர் மாறினாலும் சீட்டு மாறாது.

இல்லத்தில் பெரும்பாலான பராமரிப்பாளர்கள் ஜூலுவும் ஆங்கிலமும் பேசுகிறவர்கள். மறதி முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் போகும், சிறுவயதுத் தமிழ் கடைசிவரை நிற்கும். தண்ணி, வலிக்குது, ஒண்ணுக்கு வருது, குளிருது, பசிக்குது, போதும் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும் போட்டு, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுங்கள். அந்தத் தலைமுறை ஆண்கள் பலர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பலகையில் அம்மாவின் பெயரை எழுதி "பத்து மணிக்கு வருவார்" என்றால் அப்பாவுக்கு அது யாரோ. வீட்டில் எப்படிக் கூப்பிடுவாரோ, "இன்னாரோட அம்மா" என்றோ வேறெப்படியோ, அதையே எழுதச் சொல்லுங்கள்.

ஐம்பது வருஷம் ஒரே அறையில் படுத்தவர்களுக்கு நான்கு படுக்கை வார்டில் திரைச்சீலைதான் மிச்சம். 2006-ஆம் ஆண்டின் முதியோர் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இல்லத்தில் இருப்பவருக்குத் தனிமை, பார்வையாளர், சொந்தப் பொருள்களை வைத்துக்கொள்வது, விரும்பிய சமயக் காரியங்களில் பங்குகொள்வது எல்லாம் உரிமை என்கிறது. வேறிடம் மாற்றவோ வெளியேற்றவோ வேண்டுமானால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆகவே வாரத்தில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்தி இருவரும் தனியாக இருக்க ஒரு சின்ன அறை கேட்பது சலுகை இல்லை. கட்டிலின் ஒருபக்கத் தடுப்பை இறக்கி அம்மா கட்டிலிலேயே உட்காரலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம், பக்கத்தில் சாய்ந்தும் கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். சோஷியல் வொர்க்கரிடம் சொன்னால் அவர் ஏற்பாடு செய்வார்.

அம்மாவையும் அங்கேயே சேர்ப்பது பற்றி. ஃபிரெயில் கேரில் நடமாட்டமுள்ள ஒருவரைச் சேர்ப்பது பெரும்பாலும் தவறு. ராத்திரி அப்பா இருமினால் எழுவதும், பாத்ரூமுக்குத் தாங்கிப் பிடிப்பதும் அம்மாவின் வேலையாகிவிடும். ஊழியர்களும் மெல்ல அவரையே நம்பத் தொடங்குவார்கள். மானியமுள்ள இல்லமாக இருந்தால் உடல்நிலை மதிப்பீட்டில் அவர் தகுதி பெறாமலும் போகலாம். அதே வளாகத்தில் தனி அறையோ காட்டேஜோ இருந்தால் அது நல்ல வழி, வருஷக்கணக்கில் டாக்சி அலைச்சல் மிச்சம். லைஃப் ரைட் முறையில் (சொந்தமாக்காமல், ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமையை மட்டும்) வாங்கினால் ஒப்பந்தம் இருவர் பெயரிலும் இருக்கிறதா, ஒருவர் ஃபிரெயில் கேருக்குப் போனபின் மற்றவர் இருக்கலாமா, லெவி என்ற மாதப் பராமரிப்புக் கட்டணமும் ஃபிரெயில் கேர் கட்டணமும் இரண்டும் ஓடுமா, காலிசெய்தால் எவ்வளவு எப்போது திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். எதுவானாலும் அம்மாவின் சம்மதம் இல்லாமல் அவரைச் சேர்க்க முடியாது, சட்டமே அப்படித்தான்.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) தங்கும் செலவைத் தருவது அரிது. மறதி நோய், கட்டாயமாகப் பணம் தர வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலிலும் இல்லை. வருமான வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு: 65 வயதுக்கு மேற்பட்டவர் கையிலிருந்து கட்டிய தகுதியான மருத்துவச் செலவில் 33.3 விழுக்காடு வரியில் கழியும். அதற்கு நர்ஸிங் கட்டணத்தையும் தங்கும் கட்டணத்தையும் தனித்தனியாகக் காட்டும் பில் வேண்டும். மொத்தமாக ஒரே வரி போட்ட பில் உதவாது.

சேர்க்கப்பட்டவர் மனைவியாக இருந்தால் தாலிக் கேள்வி வரும். விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, பொன் காணாமல் போவது, இரண்டும் நடப்பவை. பொன்னை வீட்டில் வைத்து மஞ்சள் கயிறு மட்டும் போட்டிருக்கலாம்; கட்டிலில் புரளும் குழப்பமுள்ளவர் என்றால் கயிறு கழுத்தில் சிக்காத அளவுக்கு இருக்க வேண்டும். அதை வெட்டி எடுக்கக் கூடாது என்று பொருள் பட்டியலில் எழுதி வையுங்கள்.

இனி அம்மா தனியாக இருக்கும் வீடு. இளைப்பதன் காரணம் துக்கம் மட்டும் இல்லை. ஒருத்திக்காக அடுப்பு மூட்ட மனம் வராது, டீயும் பிரெட்டுமாக நாள் போகும். வாரம் இருமுறை நீங்கள் சமைத்து ஃப்ரிட்ஜில் வைப்பதைவிட, பக்கத்து வீட்டில் மதியம் சேர்ந்து சாப்பிட ஏற்பாடு செய்வது பலன் தரும். அழுத்தினால் ஆயுதம் ஏந்திய தனியார் காவலர் வரும் ஆம்ட் ரெஸ்பான்ஸ் பேனிக் பட்டனைக் கழுத்தில் மாட்டச் சொல்லுங்கள், டிராயரில் இருந்தால் பயனில்லை. தனியாக இருக்கிறார் என்பது தெருவுக்குத் தெரியாமல் இருக்கத் தினம் ஒரே நேரத்தில் வெளியே போவதையும் மாற்றிக்கொள்ளட்டும். மின்சாரம், தண்ணீர், வீட்டு வரி இதுவரை அப்பா பார்த்தவையாக இருக்கும். அருகிலுள்ள சிசகலா மையத்தில் (நகராட்சியின் வாடிக்கையாளர் சேவை மையம்) கணக்குக்கு அம்மாவின் பெயரையும் சேர்க்க என்ன வேண்டும் என்றும், அப்பா வீட்டில் இல்லாததால் முதியோருக்கான வரிச் சலுகை பாதிக்குமா என்றும் கேட்டு வையுங்கள்.

உயிரோடு இருப்பவருக்காகத் துக்கம் கொள்வதை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் தனியாக ஆராய்ந்திருக்கிறார். சடங்கும் பதினாறாம் நாளும் இல்லாத துக்கம் என்பதால் அதற்கு முடிவே வராமல் இருக்கும். "புருஷனை ஹோமில் தள்ளிவிட்டாள்" என்று சொல்கிற சொந்தக்காரர்களும் இருப்பார்கள். டர்பன் இந்தியர்கள் ஆரியன் பெனவலன்ட் ஹோமைத் தொடங்கியது 1921-இல். நூறு வருஷம் தாண்டிய வழக்கத்தைப் புது அவமானமாகப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரம் போக்க வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மறதி முற்றியவர் இல்லத்தில் வேறொருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவரையே மனைவி என்று எண்ணலாம். அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், கணவரின் மறதி நோய்க்காகப் பதவி விலகியவர். அவர் கணவருக்கு இல்லத்தில் இப்படி ஒரு பற்று ஏற்பட்டதை 2007-இல் அவர்கள் மகன் தொலைக்காட்சியில் சொன்னார். கணவர் நிம்மதியாக இருக்கிறாரே என்றுதான் ஓ'கானர் எடுத்துக்கொண்டாராம். எல்லா மனைவிக்கும் அது முடியாது, முடிய வேண்டும் என்றும் இல்லை. அப்படி ஒன்று நடந்தால் அம்மா தானாக வார்டில் கண்டு அதிர்வதற்கு முன்னால் ஊழியர்கள் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்ற பேச்சு கட்டாயம் வரும். இந்த வருஷம் வேண்டாம் என்பேன்; பலகாரத்தையும் புது வேட்டியையும் அங்கே கொண்டுபோங்கள். அப்படியும் கொண்டுவருவதென்றால் காலை பத்து மணிக்குக் கூட்டிவந்து பிற்பகல் மூன்றுக்குள் திரும்பிவிட வேண்டும். மதிய மாத்திரை, மாற்றுத் துணி, நாப்பி, வீல்சேர் எல்லாம் சிஸ்டரிடம் கணக்கெடுத்து வாங்குங்கள். அறுவை சிகிச்சை ஆன இடுப்பு என்பதால், காரின் தாழ்ந்த இருக்கையில் உட்கார வைக்கலாமா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் முன்பே கேளுங்கள். திரும்பக் கொண்டுபோய் விடும்போது அம்மா வீட்டிலேயே இருக்கட்டும், நீங்களும் தம்பியும் மட்டும் போங்கள்.